அந்தரத்தில் நிற்கும் வித்தை

கல்முனைக் கரையோரத்தில் வாழும் எமக்கு ஹெலிகொப்டர் புதுமையான பொருளன்று. அதன் ஓசை கேட்டமாத்திரத்தே முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்த பிள்ளைகளும், அதே ஓசையைக் கேட்டு அடுக்களைக்குள் ஒடுங்கிய தாய்மாரும் ஒரே வீட்டில் இருந்த காலம் ஒன்று உண்டு. யுத்தம் நிகழ்ந்த அவ்வாண்டுகளில் வானில் வருவது எதற்காக வருகின்றதென்று தரையில் நிற்பவர் அறியார். பின்னர் 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி வந்தது. கல்முனையில் வளர்ந்து, சட்டம் பயின்று, அமைச்சராக உயர்ந்து, ‘நான் எனும் நீ’ என்ற கவிதை நூலையும் எமக்குத் தந்த மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள், அரநாயக்கப் பகுதியின் மலையொன்றில் ஹெலிகொப்டர் வீழ்ந்து, உடன் சென்றோருடன் உயிர் நீத்தார். அன்று இக்கரையோரத்தில் அழாத வீடு இல்லை எனலாம்.

நான்கு ஆண்டுகள் கழிந்து, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். பாதைகள் அறுந்தும் பாலங்கள் சிதைந்தும் கிடந்த அந்நாட்களில் நிவாரணப் பொருள்களைச் சுமந்து வந்தவற்றுள் ஹெலிகொப்டரும் ஒன்று. அச்சத்தின் வடிவமாகவும், இழப்பின் வடிவமாகவும், உதவியின் வடிவமாகவும் ஒரே யந்திரத்தை ஒரே தலைமுறை கண்டது. எனினும், மூன்று வேளையிலும் நாம் அதனைக் கீழிருந்தே கண்டோம். அது எவ்வாறு எழுகிறது, எவ்வாறு ஓரிடத்தில் நிற்கிறது, ஏன் சில வேளை வீழ்கிறது என்பவற்றை நாம் அறிய முற்பட்டதில்லை.

இப்போது நிலைமை வேறு. ஒரு முழத்துக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய ஹெலிகொப்டர் ஒன்றை வாங்கி, அதன் பகுதிகளைத் தம் கையாலேயே பூட்டி, வானொலி அலைகளால் தரையிலிருந்தே இயக்கிப் பறக்கவிடும் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியிருக்கிறது. எமதூர் இளைஞர் சிலரும் கணினித் திரையில் அதனைக் கண்டு ஆசை கொண்டு, எங்ஙனம் தொடங்குவதென்று என்னை வினவியதுண்டு. அவர்களுக்குச் சொன்னவற்றை ஆசிரியர்களும் அறிதல் நன்றென்று எண்ணி இங்கே எழுதுகின்றேன். விளையாட்டுப் பொருளுக்கு ஏடொன்றின் இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்போர், இறுதிவரை பொறுத்தருள வேண்டும்.

விளையாட்டு முந்தியது

ஈழத்துத் தமிழர் ஹெலிகொப்டரை ‘உலங்கு வானூர்தி’ என வழங்குவர். உலங்கு என்பதற்கு அகராதிகள் கொசுகு என்று பொருள் கூறும். இச்சொல் பெரிய யந்திரத்துக்கு எவ்வளவு பொருந்துமோ, நான் இங்கு கூறும் சிறிய மாதிரிக்கு மிக நன்றாகவே பொருந்தும். அதன் ஒலியும் கொசுவின் ஒலியே. அதன் அமைதியற்ற இயல்பும் கொசுவின் இயல்பே.

பெரிய ஹெலிகொப்டர் முதலிற் பிறந்தது, அதனைப் பார்த்துச் சிறிய பொம்மை செய்யப்பட்டது என்றே பலரும் எண்ணுவர். வரலாறு இதற்கு மாறானது. 1784ஆம் ஆண்டில் பிரான்சிய நாட்டினரான லோனுவா, பியன்வெனு என்னும் இருவர், பறவை இறகுகளைக் கோல் ஒன்றின் இருமுனைகளிலும் செருகி, வில்லின் நாணால் முறுக்கிச் சுழலவிட்டு, மேலெழும் சிறு கருவி ஒன்றை அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தாருக்குக் காட்டினர். 1870இல் அல்போன்ஸ் பெனோ என்பவர் றப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கவிடும் பொம்மையைச் செய்தார். அவ்வகைப் பொம்மை ஒன்றை 1878ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வாங்கி வந்தார். அப்பிள்ளைகளுள் ஒருவனுக்கு வயது பதினொன்று, மற்றவனுக்கு ஏழு. வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்ற அவர்களின் பெயர்களைப் பிற்காலத்தில் உலகம் முழுவதும் அறிந்தது. தமது ஆர்வத்தின் முதல் விதை அப்பொம்மையே என்று அவர்களே கூறியுள்ளனர்.

இவற்றினும் எனக்கு அருமையானது ஆர்தர் யங் என்பவரின் கதை. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1927இல் வெளியேறிய இவர், தத்துவ விசாரணையிலே நாட்டமுடையவர். உலகைப் பற்றி எண்ணுமுன், உலகில் செயற்படும் ஒரு பொருளைச் செய்து முடிக்கும் அநுபவம் வேண்டுமென்று கருதி, ஹெலிகொப்டரைத் தெரிந்தெடுத்தார். 1928 முதல் 1941 வரை, ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள், தொலைவிலிருந்து இயக்கும் சிறிய மாதிரிகளையே செய்தார், அவை வீழ்ந்தன, மீண்டும் செய்தார். விசிறிக்குக் குறுக்கே, இரு நுனிகளிலும் எடை பொருத்திய கோல் ஒன்றைச் சேர்த்தபோது மாதிரி நிலைகொண்டது. 1941இல் பெல் நிறுவனத்தாருக்கு அதனைப் பறக்கவிட்டுக் காட்டினார். அந்த மாதிரியிலிருந்து வளர்ந்த ‘பெல் 47’ என்ற ஹெலிகொப்டர் 1946 மார்ச் 8ஆந் திகதி பொதுமக்கள் பாவனைக்கென அமெரிக்க அரசின் அத்தாட்சி பெற்ற முதல் ஹெலிகொப்டராயிற்று. யங் பின்னர் தத்துவத்துக்கே திரும்பிச் சென்றார்.

வானொலியால் தூரத்துப் பொருளை இயக்கலாமென்பதை நிக்கொலா ரெஸ்லா 1898இலேயே நியூயோர்க்கில் சிறு படகு ஒன்றைக் கொண்டு காட்டியிருந்தார். எனினும் அம்முறையில் ஹெலிகொப்டர் ஒன்றைச் சீராகப் பறக்கவிட மேலும் எழுபதாண்டுகளாயின. ஜேர்மனியைச் சேர்ந்த டீற்றர் ஷ்லூற்றர் என்ற பொறியியலாளர் 1960களின் பிற்பகுதியில் இம்முயற்சியில் இறங்கி, 1970 அளவில் வெற்றி கண்டார். அவர் விற்பனைக்கு விட்ட தொகுதிகளிலிருந்தே இப்பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியது. சாதாரண மாதிரி விமானங்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே வானொலியால் பறந்துகொண்டிருந்தன. ஹெலிகொப்டருக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்? அதன் அமைப்பை அறிந்தால் விடை தானே விளங்கும்.

யந்திரத்தின் உள்ளே

விமானத்தைத் தாங்குவது அதன் முன்னோட்டம். ஓடும் மட்டும் அதன் சிறகில் காற்று தங்கும். சிறிது நேரம் கையை எடுத்தாலும் அது நேரே சென்றுகொண்டிருக்கும். ஹெலிகொப்டருக்கோ சிறகே சுழல்வது. மேலே உள்ள விசிறி வலமாகச் சுற்றினால், நியூற்றனின் மூன்றாம் விதிப்படி உடல் இடமாகச் சுற்ற முற்படும். அதனைத் தடுக்கவே வாலில் சிறு விசிறி வைக்கப்பட்டிருக்கிறது. வால் விசிறி நின்றுவிட்டால் முழு யந்திரமும் பம்பரம்போல் சுழன்று வீழும்.

முன்னே, பின்னே, பக்கங்களிலே செல்ல வேண்டுமானால் விசிறியின் தளத்தைச் சாய்க்க வேண்டும். இதற்காக விசிறித் தண்டைச் சுற்றி ‘ஸ்வொஷ் பிளேட்’ எனப்படும் சாயும் தட்டு ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சுழலாது. மேற்பாதி விசிறியோடு சுழலும். சேர்வோ எனப்படும் சிறு மோட்டார்கள் மூன்று கீழ்ப்பாதியைச் சாய்க்க, அச்சாய்வு மேற்பாதியின் வழியே ஒவ்வோர் இறக்கைக்கும் சென்று, சுற்றின் ஒரு பக்கத்தில் அதன் கோணத்தைக் கூட்டியும் மறுபக்கத்திற் குறைத்தும் வைக்கும். இதிலும் ஒரு விந்தை உண்டு. சுழலும் பொருளை ஓரிடத்தில் தள்ளினால், அதன் பயன் சுற்றின் திசையில் ஏறத்தாழ 90 பாகை கடந்தே வெளிப்படும். ஆதலால் முன்னே சாய வேண்டுமாயின் பக்கத்திலேயே கோணத்தைக் கூட்ட வேண்டும். பம்பரம் விட்டு விளையாடும் சிறுவனின் கை அறிந்த இவ்வுண்மையை, ஹெலிகொப்டர் செய்வோர் கணக்கிட்டு யந்திரத்துள் வைத்திருக்கின்றனர்.

மேலெழவும் இறங்கவும் விசிறியின் வேகத்தை மாற்றுவது மலிவான சிறு மாதிரிகளின் வழக்கம். தேர்ந்த மாதிரிகளில் விசிறி ஒரே வேகத்திலே சுற்றும். இறக்கைகள் இரண்டின் கோணமும் ஒருங்கே கூடிக் குறையும். ஆக, ஓட்டுபவர் நான்கு காரியங்களை ஒரே வேளையில் செய்கின்றார். றிமோட்டின் இடப்பக்கக் கோலை மேலும் கீழும் அசைத்தால் ஏற்றம் இறக்கம். அதனையே பக்கவாட்டில் அசைத்தால் வாலின் திருப்பம். வலப்பக்கக் கோலை அசைத்தால் முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும். பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை இதுவே. இவற்றுள் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் குலையும். மேலே எழுப்பினால் வால் திரும்பும். வாலைத் திருத்தினால் உடல் பக்கம் நழுவும். நழுவலைத் தடுத்தால் உயரம் குறையும். மருதமுனையின் கைத்தறியில் அமர்ந்த நெசவாளி, கால் மிதிப்பதும் கை எறிவதும் மறு கை அடிப்பதும் தனித்தனி வேலைகளென்று எண்ணுவதில்லை. துணி என்ற ஒன்றையே எண்ணுகிறார். அந்நிலைக்கு இரு பெருவிரல்களும் வந்து சேர வேண்டும்.

ட்ரோன் என்று இக்காலத்தில் வழங்கும் நான்கு விசிறிக் கலத்தில் இத்தொல்லை இல்லை. கோலை விட்டுவிட்டால் அது செய்மதியின் துணையோடு அவ்விடத்திலேயே நிற்கும். படம் பிடிக்கவும் வயலைப் பார்வையிடவும் அது உகந்தது. பறத்தலைக் கற்க விரும்புபவர்க்கோ, தானே கற்றுக்கொண்டு வந்துவிட்ட கலத்திலிருந்து கற்க எஞ்சுவது குறைவு.

தொடங்கும் முறை

முதலில் வாங்க வேண்டியது ஹெலிகொப்டர் அன்று, றிமோட். அதனைக் கணினியோடு இணைத்து, திரையிலே தோன்றும் ஹெலிகொப்டரைப் பறக்கவிடும் பயிற்சி மென்பொருள்கள் உள்ளன. திரையில் நூறு முறை வீழ்ந்தாலும் வாப்பாவின் சட்டைப்பைக்குச் சேதமில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக இரண்டு மூன்று மாதங்கள் இங்ஙனம் பயின்றவர், வெளியே வந்த பின் வீழ்த்தும் தடவைகள் மிகக் குறைவு. பொறுமையற்றவர் முதல் நாளே உண்மையான யந்திரத்தை மேலெழுப்பி, அன்று மாலையே உதிரிப்பாகம் தேடுவர்.

அடுத்தது, உள்ளங்கையிலும் சற்றே பெரிய சிறு மாதிரி. தன்னைத்தானே சமன்செய்யும் மின்னணு அமைப்பு இதில் இருக்கலாம். தொடக்கத்தில் அது நல்ல துணை. பாடசாலை மண்டபம் போன்ற காற்றில்லாத இடத்தில் இதனைப் பயிலலாம். அதன்பின்னரே ‘450’ என்ற இனத்தைச் சேர்ந்த, 325 மில்லிமீற்றர் நீள இறக்கைகளையும் ஏறத்தாழ 800 கிராம் எடையையும் உடைய மாதிரிக்குச் செல்லலாம். அதன் கீழே இரு மெல்லிய தடிகளைப் பெருக்கற் குறி வடிவில் கட்டி, நுனிகளில் மேசைப்பந்துகளைச் செருகிக்கொண்டால் இறங்கும்போது கவிழாது.

இனிப் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். முதற்பாடம், வால் நம்மை நோக்கியிருக்க, ஓரிடத்தில் நிற்றல். வேறொன்றும் இல்லை. முன்னே செல்லலாகாது, வட்டமிடலாகாது, இடுப்பளவு உயரத்தில், ஒரு பாயின் அளவுள்ள இடத்துக்கு மேலே, பற்றரி தீரும்வரை நிற்க வேண்டும். பற்றரி தீர ஐந்து நிமிடம் அளவே ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் நெற்றி வியர்த்துவிடும். பார்ப்பவருக்கு யந்திரம் அசையாது நிற்பதாகத் தோன்றும். ஓட்டுபவரின் விரல்களோ கணமேனும் ஓயா. சறுக்கலைக் கண்டபின் திருத்துபவர் எப்பொழுதும் பிந்திவிடுவார். சறுக்கப்போவதை உணர்ந்து திருத்துபவரே நிலைநிறுத்துவார்.

நிற்கக் கற்றபின் இடப்பக்கம் காட்டி நிற்றல், வலப்பக்கம் காட்டி நிற்றல். இவற்றுக்குப் பின்னரே முகம் நம்மை நோக்க நிற்றல். இதுவே பலரைத் திணறடிப்பது. முகம் எம்மை நோக்கியவுடன் அதன் வலம் எமக்கு இடமாகிவிடும். எதிரே நிற்பவரின் வலக்கை எமது இடப்பக்கத்தில் இருப்பதை நாம் சிறுவயது முதல் அறிவோம். அறிந்ததை விரல் அறிய மாதங்கள் ஆகின்றன. பிறர் நிற்குமிடத்தில் நின்று பார்க்கும் பழக்கம் மனத்துக்கு மட்டுமன்றி விரலுக்கும் வேண்டியிருப்பது இங்கே புலனாகும்.

இக்கரையில் இவ்வாறு நிற்பதற்கு ஓர் ஆசான் முன்பே இருக்கிறார். களப்போரங்களில் கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி, நீருக்கு மேலே சிறகடித்து அந்தரத்தில் ஓரிடத்தில் நின்று, மீனைக் குறிபார்த்து வீழ்வதைக் கண்டிருப்பீர்கள். உடலும் வாலும் சிறகும் இடைவிடாது மாறிக்கொண்டிருக்க, தலை மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கும். இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை பறக்கும் விதத்தை வகுப்பிலே விளக்கியபின் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகளையே காட்டி மீண்டும் விளக்கினார். அம்மாணவருள் ஒருவரே ஏ. பி. ஜே. அப்துல் கலாம். தம் வாழ்வின் திசையை அமைத்தது அந்த மாலைப் பாடமே என்று அவர் பலமுறை கூறியுள்ளார். அத்தகைய கடற்கரையும் பறவைகளும் எமக்கும் இருக்கின்றன.

இடமும் காலமும்

கடற்கரை மணல் பறக்கவிட உகந்ததென்று தோன்றும், அஃது உகந்ததன்று. விசிறி கிளப்பும் மணல் பற்சக்கரங்களுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் புகுந்து அரைக்கும். உப்புக்காற்று சிறு போல்தாங்கிகளையும் உருக்குத் திருகாணிகளையும் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கச் செய்யும். கடலிலிருந்து விலகி, மேற்கே சம்மாந்துறைப் பக்கம் பரந்து கிடக்கும் வயல்வெளியில் பெரும்போக அறுவடை முடிந்த பின்னுள்ள வாரங்களே சிறந்த காலம். வெட்டிய வயல் மெத்தைபோல் வீழ்ச்சியைத் தாங்கும். மனித நடமாட்டம் குறைவு. வயற்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது முறை. ஒவ்வொரு நாளும் பறந்து முடிந்தபின் எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து வைத்தல் எமது காற்றுக்கு அவசியம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன் உள்ள ஒரு மணி நேரத்துக்கு ஈடில்லை. தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழாத இடைவேளை அது. முற்பகலில் கடற்காற்று தொடங்கிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான் வேறு. அது புழுதியோடு வீசுகையில் பட்டம் விடுபவன் மகிழ்வான், ஹெலிகொப்டர் விடுபவன் அதனைப் பெட்டியினுள் வைத்திருப்பதே நலம். வாடைக்காலத்து மழையில் மின்சாதனங்கள் நனையலாகாது. அக்காலத்தை யந்திரத்தைப் பிரித்துப் பூட்டப் பயன்படுத்தலாம். பிரித்துப் பூட்டத் தெரியாதவர் பாதி கலையையே கற்றவர்.

இரு எச்சரிக்கைகள்

இதனைப் பொம்மை என்று நினைப்பதே பெரும் ஆபத்து. மேற்கூறிய 450 இனத்து மாதிரியில், தண்டின் நடுவிலிருந்து இறக்கையின் நுனிவரை ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 2,500 தடவை சுற்றும்போது அந்நுனி வினாடிக்கு 94 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 340 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை வகுப்பிலே கணக்காகக் கொடுக்கலாம். விடை வந்ததும் எச்சரிக்கை தேவைப்படாது. 2013 செப்டெம்பரில் நியூயோர்க் நகரில், இக்கலையில் நன்கு தேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர், தாம் பறக்கவிட்ட பெரிய மாதிரியின் இறக்கை தாக்கி உயிரிழந்தார். ஆகவே ஓட்டுபவர் யந்திரத்திலிருந்து பத்து மீற்றருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். பார்ப்போர் அவருக்குப் பின்னே நெடுந்தூரத்தில் நிற்க வேண்டும். சிறுவர் தனியே பறக்கவிடலாகாது.

மற்றது பற்றரி. லித்தியம் பொலிமர் என்ற இவ்வகைப் பற்றரியின் ஒவ்வொரு கலமும் முழுமையாக ஏற்றியபோது 4.2 வோல்ற்று காட்டும். அதற்கு மேல் ஏற்றினாலோ, குத்துப்பட்டாலோ, வீங்கியதை மீண்டும் பாவித்தாலோ தீப்பற்றும். மின்னேற்றுகையில் அருகே ஆள் இருத்தல் வேண்டும், படுக்கையறையில் ஏற்றலாகாது, வாரக்கணக்கில் வைத்திருப்பதாயின் 3.8 வோல்ற்று அளவில் வைக்க வேண்டும். வீழ்ந்த யந்திரத்தின் பற்றரியை அன்றே வீட்டுக்குள் கொண்டுசெல்லாது, மணல் நிரப்பிய சட்டியிலிட்டு முற்றத்தில் வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அனுமதியும் நம்பிக்கையும்

இனி நான் சொல்லவிருப்பது சிறிது சங்கடமான விஷயம். எனினும் சொல்லாது விடுதல் தவறு. எமது நாட்டில் ஆளில்லாது பறக்கும் கலங்கள் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. வானொலிக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆந் திகதியின் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களை அடுத்து, ஆளில்லாக் கலங்கள் பறப்பது நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. அதே மாதம் 26ஆந் திகதி சாய்ந்தமருதில் நிகழ்ந்தது எமக்கு நினைவூட்ட வேண்டியதன்று. அதன் பின்னர், குற்றமேதும் அறியாத எத்தனையோ குடும்பங்கள் தம் பெயருக்காகவும் ஊருக்காகவும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது.

ஆகவே இக்கரையோரத்து இளைஞன் ஒருவன் கையில் றிமோட்டோடு வயல்வெளியில் நிற்கும்போது, கொழும்பின் மைதானமொன்றில் நிற்கும் இளைஞனைப் பார்ப்பது போல் எல்லோரும் அவனைப் பார்க்கமாட்டார்கள். இது நியாயமா என்று கேட்டால் நியாயமன்று. ஆயினும், ஒளித்துச் செய்வதால் நியாயம் கிடைத்துவிடாது. தனியொருவன் தன் வீட்டுக் கொல்லையில் இரகசியமாகப் பறக்கவிடுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ கழகமாகக் கூடி, பொறுப்பாசிரியர் ஒருவரை முன்னிறுத்தி, அதிகாரசபையிடம் நடப்பிலுள்ள விதிகளைக் கேட்டறிந்து, எழுத்தில் அனுமதி பெற்று, பொலிசாருக்கும் கிராம சேவையாளருக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிவித்து, ஊரார் பார்க்கப் பறக்கவிட வேண்டும். பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ முகாமுக்கோ சந்தைக்கோ அருகில் பறக்கவிடலாகாது. முடியுமாயின் காரைதீவு, பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் அம்பாறைச் சிங்களப் பிள்ளைகளும் அக்கழகத்தில் இடம்பெறட்டும். ஒரே யந்திரத்தைச் சூழ்ந்து நின்று, திருகாணி ஒன்றைத் தேடும் மூவருக்கு ஒருவர்மேல் ஒருவர் ஐயங்கொள்ள நேரம் இராது.

வீண்பொழுதா?

இத்தனை சிரமப்பட்டு ஒரு விளையாட்டா என்று உம்மாமார் கேட்கக்கூடும். தமிழகத்தில் இக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. திரைப்பட நடிகர் அஜித்குமார் நெடுங்காலமாக வானொலி மாதிரி விமானங்களிலும் ஹெலிகொப்டர்களிலும் ஈடுபாடு கொண்டவர். 1949இல் தோன்றியதும் அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றதுமான சென்னை குரோம்பேட்டை எம். ஐ. ரி. நிறுவனத்தின் ‘தக்ஷா’ மாணவர் குழு, அவரைத் தன் ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. 2018இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த போட்டியொன்றில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது. எளிதில் அணுகமுடியாத இடத்திலுள்ள நோயாளியிடமிருந்து இரத்த மாதிரியை ஆளில்லாக் கலம் ஒன்றினால் எடுத்துவருவதே அங்கு கொடுக்கப்பட்ட பணி. ஒரு நடிகரின் விரலிற் படிந்த பொழுதுபோக்குப் பயிற்சி, மாணவரின் மருத்துவ முயற்சிக்குப் பயன்பட்டது.

2004இல் பாதை அறுந்து, மருந்து வந்து சேராது தவித்த ஊர்கள் எம்முடையவை. அத்தகைய கலம் ஒன்றைச் செய்யவும் ஓட்டவும் பழுது பார்க்கவும் வல்லவர் எம்மவருள் பதின்மர் இருந்தால் போதும் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி எழுவதுண்டு. அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால் ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியற் பீடமும் இருக்கிறது. மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களை ஓசையைக் கேட்டே பழுதறியும் கைவினைஞர் ஒவ்வோர் ஊரிலும் உளர். கல்லூரி விஞ்ஞானக் கழகங்கள் உள்ளன. இவை மூன்றும் ஒரு மேசையைச் சுற்றி இன்னும் அமரவில்லை என்பதே குறை. றிமோட் ஒன்றையும் பழைய கணினி ஒன்றையும் அம்மேசைமேல் வைப்பது பெருஞ்செலவன்று; வகுப்பு முழுவதும் அவற்றை மாறிமாறிப் பயன்படுத்தலாம்.

எல்லோரும் பொறியியலாளராவர் என்று நான் சொல்லவரவில்லை. பலர் சில மாதங்களில் விட்டுவிடுவர். ஆனால் வால் தன்னை நோக்கியிருக்க ஐந்து நிமிடம் அந்தரத்தில் நிறுத்தக் கற்ற பிள்ளை, இரண்டு விஷயங்களை மறக்கமாட்டான். அசையாது நிற்பதென்பது ஓயாத உழைப்பு என்பது ஒன்று. மற்றது, வானத்திலே ஓசை எழும்போது அவன் இனிமேல் அதனை ஓசையாக மட்டும் கேட்கமாட்டான். எத்தனை இறக்கை, எந்தக் கோணம், வால் விசிறி எந்தப் பக்கம், உள்ளே இருப்பவர் இக்கணத்தில் எதைத் திருத்திக்கொண்டிருக்கின்றார் என்று எண்ணுவான். ஒரு தலைமுறை கீழே நின்று நடுங்கிய பொருளைப் பற்றி அடுத்த தலைமுறை கேள்வி கேட்கத் தொடங்குகிறதென்றால், அதற்காகச் சில பற்றரிகளும் சில இறக்கைகளும் செலவானாற் பாதகமில்லை என்பது என் துணிபு.